அண்ணன் போட்ட காக்கிக் கால்சட்டை

அண்ணே,

இன்று காலை புதுக் காக்கித் துணியை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். என் மகனுக்குப் பஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தைக்கக் கொடுக்கும் முன்னால் துணியை நனைத்துச் சுருங்க வைக்க வேண்டும் அல்லவா? கஞ்சி கரைந்து, பருத்தியின் பச்சை வாடை மேலே வந்தது. வாளியை அப்படியே விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு உன்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

அப்போது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல், பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின. எழுமலை பஸ்ஸில் உனக்குக் கண்டக்டர் வேலை தருவதாக முதலாளி சொன்னார். காக்கி உடுப்போடு வரச் சொன்னார். அங்கே மற்றவர்கள் எல்லாரும் அரை நிஜார்தான் போட்டிருந்தார்கள். நீ நம் அவனியாபுரம் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, "எனக்கு அந்த வேல வேணாம்" என்றாய்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சிறு வயதில் காய்ச்சல் வந்து சூம்பிக் குட்டையாகிப்போன இடது காலை வேட்டிக்குள்ளேயே மறைத்து வளர்ந்தவன் நீ. கம்மாயில் குளிக்கக்கூட ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் போவாய். நீ தாங்கி நடப்பது எல்லாருக்கும் தெரியும். காலை யாரும் பார்த்ததில்லை.

"முழுக்கால்சட்டை போடக் கூடாதுன்னு மொதலாளி சொன்னாரா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லல."

"அப்பக் கெளம்பு. நானும் வாரேன்."

மாசி வீதி ஜவுளிக்கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்ட துணி மினுமினுவென்று இருந்தது. உனக்குப் பிடித்துவிட்டது. நான் அதன் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். துணி விரல்களில் ஒட்டிக்கொண்டு வளையலின் வடிவத்தைக்கூடக் காட்டியது. கசக்கினேன், கஞ்சி மாவாக உதிர்ந்து, துணி துவண்டுபோனது.

"இதவிடக் கனமாக் காட்டுங்கண்ணே."

"கனமாப் போட்டா நம்ம ஊரு வெயிலுக்கு வேகும்மா" என்றார் கடைக்காரர்.

"வெந்தா வேகட்டும். காலோட ஒட்டக் கூடாது" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் உன்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளே போய், அடியில் கிடந்த வேறொரு கட்டை எடுத்து வந்தார். அதில் சாய்ந்த வரிகள் நெருக்கமாக ஓடின. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் நூலுக்கு நடுவே இடைவெளி தெரியவில்லை. கசக்கிவிட்டால் நிமிர்ந்துகொண்டது. ஒரு முனையை நனைத்து உன் வெள்ளைத் துண்டில் தேய்த்தோம், சாயம் ஒட்டவில்லை. நீ அதைத் தொங்கவிட்டுப் பார்த்தாய். மடங்காமல் நேராக விழுந்தது. உன் முகம் தெளிந்ததை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன்.

புதுமண்டபத்துத் தையல்காரரிடம், "வலது கால மட்டும் அளங்க, போதும்" என்றாய். நான் உன் காதோரம் சொன்னேன்: "அண்ணே, ஓடுற பஸ்ஸுல ஏறி எறங்குற வேல. குட்டக் காலுக்கும் அதே நீளம் வச்சா தடுக்கி விழுவ." சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாய். பிறகு இடது காலையும் முன்னால் வைத்தாய். சுற்றளவு இரண்டுக்கும் ஒன்றாகவும், நீளம் வேறு வேறாகவும் தைத்துக் கொடுத்தார் அவர். கரித்தூசி படிந்து, துவைத்துத் துவைத்து வெளுத்த பிறகும் அந்தக் கால்சட்டை உருக்குலையவில்லை.

எனக்குக் கல்யாணமாகி எழுமலைக்குப் போன பிறகு, ஐப்பசி மழையில் ஒரு நாள் உன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். உசிலம்பட்டி தாண்டி ஓர் ஓடையில் வெள்ளம். நடுவில் போனதும் அடுப்பில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. வெள்ளம் கூடிக்கொண்டே வந்தது. டிரைவர் நீந்திப் போய்க் கரை மரத்தில் கயிற்றைக் கட்டினார். ஆட்களை இறக்கிவிட நீ தண்ணீரில் குதித்தாய். அந்தக் கனத்த துணி நனைந்து உன்னைக் கீழே இழுத்தது. ஓர் அடி வைக்க முடியாமல் தடுமாறினாய். படியைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு படியில் ஏறி நின்று, குனிந்து, இரண்டு காலையும் தொடை வரைக்கும் சுருட்டிவிட்டாய்.

ஒரு கையில் கயிறு, மறு கையில் ஆள். எல்லாரையும் அப்படியே கரை சேர்த்தாய். உன்னிடமிருந்து தன் குழந்தையை வாங்கிக்கொண்ட அம்மா ஒருத்தி உன் காலைப் பார்த்துவிட்டாள்.

"ஏப்பா, காலு நோகுதா?"

நீயும் குனிந்து பார்த்தாய், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"நோகலத்தா. சின்ன வயசுல சூம்பிப் போச்சு, அம்புட்டுத்தான்."

அவள் "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். பேச்சு மழைக்குத் திரும்பிவிட்டது. எழுமலை வரைக்கும் எங்களோடு நீ சுருட்டிய கால்சட்டையை இறக்காமலே நடந்து வந்தாய்.

எனக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை, அண்ணே. கேட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டே கொஞ்ச காலம் சமாளித்தேன். விசேஷ வீடுகளுக்குப் போவதைக்கூட நிறுத்தினேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றாள்.

"இந்தக் காது கேக்காது தாயி, அம்புட்டுத்தான். அந்தப் பக்கமா வந்து சொல்லு" என்றேன்.

அவள் சுற்றி வந்து உட்கார்ந்தாள். வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.