கணவாய் திறந்த கால் மணி நேரம்

ரிமிகோட் விமானத் திடல்
ஆவணி 9

அன்புள்ள ஜெய்சரா,

நான் நலம். ஜுனாவின் இருமல் நின்றதா? உன் அப்பாவின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் நேபாள்கஞ்சுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாய். மாதம் ஒன்றாகிவிட்டது. இது மூன்றாவது கடிதம். விமானி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், தொலைந்துபோக வழியில்லை.

இங்கே மழை விடவில்லை. போன வாரம் இரண்டே விமானம் இறங்கியது. உப்பு வரவில்லை என்று கடைக்காரர் என்னைத்தான் திட்டுகிறார், மேகத்தை நான் வளர்ப்பதுபோல. நம் பசு தினமும் ஓடுபாதைக்கு மேய வந்துவிடுகிறது. நானே விரட்டுகிறேன்.

எப்போது வருகிறாய்?

உன்,
நர்ஜித்

நேபாள்கஞ்ச்
ஆவணி 14

ஜுனாவின் அப்பாவுக்கு,

மூன்று கடிதமும் வந்தன. மழை, உப்பு, பசு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பாவை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஓடுபாதை ஓரத்தில் டோலியில் கிடத்தியிருந்தோம். மேகத்துக்கு அப்பால் விமானச் சத்தம் கேட்டது, இறங்காமலே திரும்பிப் போனது. நீங்கள் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிற கோபுரம் இருநூறு அடி தூரம். நீங்கள் இறங்கி வரவில்லை. "இன்னைக்கு இறங்காதாம்" என்று காவலாளி வந்து சொன்னான். மறுநாள் விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

"மாமனாருக்காக ஒரு விமானத்தை இறக்கத் துப்பில்ல, அவனுக்கு எதுக்கு உத்தியோகம்?" என்று அண்ணன் கேட்கிறார். நான் அதைக் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கிறேன்.

ஜெய்சரா

ரிமிகோட்
ஆவணி 19

ஜெய்சரா,

விமானம் நுழைந்து வரவேண்டிய மலைக் கணவாய் தெரிகிறதா என்று விமானி ரேடியோவில் கேட்டார். தெரியவில்லை. விமானத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னல் வழியே டோலியைப் பார்த்துக்கொண்டுதான், "மூடியிருக்கு, திரும்பிடுங்க" என்றேன்.

பத்து நிமிடத்தில் மேகம் விலகிவிட்டது. கணவாய் கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. ரேடியோவில் விமானியைக் கூப்பிட்டேன். விமானம் மலைக்கு அப்பால் போய்விட்டது, பதில் இல்லை. கால் மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு மறுபடி மூடிக்கொண்டது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பது? படியிறங்கக் கால் வரவில்லை.

நர்ஜித்

நேபாள்கஞ்ச்
ஆவணி 23

ஜுனாவின் அப்பாவுக்கு,

மேகம் விலகியதை நானும் பார்த்தேன். டோலி தூக்கியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்த நேரம் நீங்கள் மேலே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

நானும் ஒன்றை மறைத்துவிட்டேன். விமானச் சத்தம் தேய்ந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார். "போயிடுச்சா? மாப்பிள்ளை சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். வீட்டுக்குத் தூக்கச் சொல்லு" என்றார். கோபத்தில் இதை உங்களிடம் சொல்லாமலே வைத்துக்கொண்டேன். செய்திருக்கக் கூடாது.

ஜுனாவுக்கு இருமல் இல்லை. வெள்ளிக்கிழமை விமானத்தில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இந்தக் கடிதம் அதற்கு முந்தின விமானத்தில் வரும். அன்றைக்குக் கணவாய் மூடியிருந்தால், யோசிக்காமல் எங்களைத் திருப்பி அனுப்புங்கள். சனிக்கிழமை மறுபடி ஏறுகிறோம்.

இறங்கிவிட்டால் மட்டும், கீழே வந்து நில்லுங்கள்.

உங்கள்,
ஜெய்சரா