பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

அன்புள்ள அப்பாவுக்கு,

வெண்மதி வணக்கத்துடன் எழுதறது. முட்டி வலி குறைஞ்சுதுங்களா? நான் நல்லாயிருக்கேன். போன்ல கேட்டா "எனக்கென்ன"ன்னு வெச்சுடறீங்க, அதனாலதான் கடிதம்.

டிவியில படம் பாக்கற ஆப்பை யாரும் சுலபமாப் பயன்படுத்தற மாதிரி வடிவமைக்கறதுதான் இங்க ஸ்டாக்ஹோம்ல என் வேலை. போன வாரம் அதைப் போட்டுப் பாத்துச் சொல்ல ஒரு பெரியவர் வந்தார். உங்க வயசுதான் இருக்கும். ரொம்ப நேரம் ரிமோட்டைத் தொடலைன்னா, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?'ன்னு திரையில கேள்வி வரும். மத்தவங்க பட்டனை அழுத்துவாங்க. இவர் டிவியைப் பாத்து, "இருக்கேன், இருக்கேன்"னு சத்தமாச் சொன்னார். எல்லாரும் சிரிச்சோம், அவரும்தான்.

"இந்தக் கேள்வி தொந்தரவா இருந்தா எடுத்துடலாங்களா?"ன்னு கேட்டேன்.

"வேண்டாம்மா. மனைவி போனதுக்கப்புறம் வீட்டுல என்னை ஏதாவது கேக்கறது அது ஒண்ணுதான்"னார்.

அந்தக் கேள்வி இருக்கட்டும்னு ஆபீஸ்ல வாதாடினேன். படம் நடுவுல நிக்குதுன்னு நெறைய பேர் குறை சொல்றாங்கன்னு எடுத்துட்டாங்க.

அம்மா போனதுலேர்ந்து நீங்களும் தனியாத்தானே உக்காந்திருக்கீங்க. எனக்குச் சாமை மாவெல்லாம் அனுப்ப வேண்டாம். பக்கத்து வூட்டு சின்னராஜ் அண்ணனைச் சாயங்காலம் வந்து கொஞ்சம் பேசிட்டுப் போகச் சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க. டிவி பாக்கறப்ப கதவைத் தாழ் போடாதீங்க. அவர் தட்டினா உங்களுக்குக் கேக்காது.

ரயிலுக்கு நேரமாச்சுங்கப்பா.

உங்க மக,
வெண்மதி