அந்தத் தையல்காரர்மேல் தப்பில்லை

அன்புள்ள என் சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அக்காவும் மாப்பிள்ளையும் நலம், என் தையல் மெஷின்தான் பெல்ட் அறுந்து இரண்டு நாளாகப் படுத்துக்கிடக்கிறது. உன் நலத்தைப் பற்றி நீ சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது, கடிதத்துக்கு அந்த வியாதி இல்லை, அதனால் கடைசிவரை பொறுமையாகப் படி.

முதலில் வெள்ளிக்கிழமை டிவியில் வரும் உன் தொடர். வீட்டில் எல்லோரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். உள்ளதைச் சொன்னால் ஒரு வாரம் போல ஒரு வாரம் இல்லை. முதல் இரண்டு வாரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம், மூன்றாவது வாரம் உங்கள் கதாநாயகன், அந்த உளவாளி, பாதி நேரம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றான், அக்கா எழுந்துபோய்க் காய்ந்த துணியை எல்லாம் மடித்துவிட்டு வந்தாள், அப்போதும் அவன் லிஃப்டில்தான் நின்றான். அப்பா வாரா வாரம் காலண்டரில் மார்க் போடுகிறார், லிஃப்டுக்குப் பன்னிரண்டு. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்குக் கார் துரத்தலைக் காட்டினால் சும்மா இருப்பாரா, "கிளட்சே மிதிக்காம இவன் எப்படிடா மேடு ஏறுறான்" என்று டிவியோடு சண்டைக்குப் போகிறார், ஆனால் அதே கார் பாலத்திலிருந்து படகுக்குத் தாவியபோது சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டித் தொண்ணூறு போட்டார். மாப்பிள்ளைக்கு அடிதடி மட்டும் வேண்டும், பேச்சு வந்தால் போனை எடுத்துக்கொள்வார். அக்காவுக்கு நேர் எதிர், அந்த உளவாளியும் அவன் மேலதிகாரி அம்மாவும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வதைக் கேட்கத்தான் உட்காருகிறாள், அடிதடி தொடங்கினால் அடுப்படிக்குப் போய்விடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு வாரத்தை முழுசாகப் பார்த்ததே கிடையாது. மாடி வீட்டு நர்ஸ் ஒரு காட்சி விடுவதில்லை, ஆனால் இவ்வளவு உதை வாங்கியவன் மறு நிமிஷம் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறானே என்று அவளுக்கு ஒரே கடுப்பு, "இவன ஒரு நாள் எங்க வார்டுக்கு அனுப்புங்கக்கா, நோயாளிங்களுக்குத் தைரியம் வரட்டும்" என்கிறாள்.

என்னைக் கேட்டால், உளவாளியாக வரும் அந்த நடிகனின் முகம் தெரியும் இடமெல்லாம் எனக்குப் பிடிக்கும், முதுகு தெரியும் இடம் பிடிக்காது. முதுகு உன்னுடையது. கூரையிலிருந்து குதிப்பதும் ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுவதும் மாடிப்படியில் உருளுவதும் அவனுக்குப் பதிலாக நீ, கீழே வந்து சேர்ந்ததும் தலைமுடி கலையாமல் சிரிப்பது அவன். நீ உருளும்போது வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது, பெற்றவள் நான் விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது வாரத்திலிருந்து நீ போட்டுக்கொண்டு வரும் அந்தச் சாம்பல் நிறக் கோட் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நீ திரும்பும்போதெல்லாம் இடது தோளில் துணி இழுத்துக்கொண்டு நின்றது, அக்குளிலிருந்து கழுத்துவரை சுருக்கம். கோட்டுக்குக் கை வைக்கத் தெரியாத எவனோ தைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் கடைக்குத் தைக்கத் துணி கொடுக்க வந்தவர்கள் ஒருவரையும் விடவில்லை, இத்தனை கார்களை உடைக்கிறார்கள், ஒரு நல்ல தையல்காரரைப் பிடிக்க முடியவில்லையா என்று எல்லோரிடமும் புலம்பினேன். அப்பாவிடம் படத்தை நிறுத்தி நிறுத்திப் போடச் சொல்லி, இன்ச் டேப்பை டிவிமேலேயே வைத்து அளந்தேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை, "பாத்தியா, கடைசில உனக்கும் பிடிச்சிடுச்சு" என்றார். அந்தத் தையல்காரருக்குக் காரசாரமாக நாலு பக்கம் எழுதி, உன் மூலமாகக் கொடுக்கலாம் என்று உறையும் ஒட்டிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை புதுசு வரவில்லை, இரண்டாவது வாரத்தையே திரும்பப் போட்டார்கள். அதே கோட், அதே பொத்தான், நீ மதில் ஏறுகிறாய், தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. கை ஏற்றிய அழகைக் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கோட் மாறவில்லை, உள்ளே இருக்கிறவன்தான் மாறியிருக்கிறான். ஆறாவது வாரத்திலிருந்து நீ இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவே இல்லை, ஏணியில்கூட ஒற்றைக் கையால்தான் தொங்குகிறாய், தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறாய். நாற்பது வருஷமாக ஊரார் உடம்பை அளக்கிறவளிடமே மறைக்கப் பார்த்தாயே, கெட்டிக்காரன்தான். மறுநாள் போன் பண்ணித் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், உன் சிக்னல் செத்துவிட்டது. அந்தத் தையல்காரரைப் பார்த்தால் ஒருத்தி உங்களை அநியாயமாகத் திட்டிவிட்டாள் என்று சொல்லி மன்னிப்புக் கேள், கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

சொன்னால் வேலையை விட்டுவிட்டு வா என்போம் என்றுதானே பயந்தாய். சொல்ல மாட்டேன்டா. ஆசைப்பட்டுப் போன வேலை, நீ நன்றாகச் செய்கிறாய், அது எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு கையை மறைத்துக்கொண்டு கூரையிலிருந்து குதித்தால் மறு கையும் போய்விடும். உன் ஸ்டண்ட் மாஸ்டருக்கு நீ சொல்லாமல் எப்படித் தெரியும், அவர் என்ன தையல்காரரா. நர்ஸிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன், இத்தனை நாள் கை தூக்க முடியவில்லை என்றால் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றாள், சொல்லிவிட்டு "தம்பிய பாத்துக்கச் சொல்லுங்கக்கா" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை, அதை நீயே சொல். ஸ்கேன் எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஒரு நாற்காலியிலிருந்துகூடக் குதிக்காதே.

நீயும் உன் தோளும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய். நீ விழுவதை எல்லாம் காட்டுகிறார்கள், எழுந்திருப்பதை ஒரு வாரம்கூடக் காட்டியதில்லை, நீ தரையைத் தொட்டதும் அந்த நடிகனின் முகத்துக்குப் போய்விடுகிறார்கள். அதெல்லாம் மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்தது, பையன் அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பான் என்று அப்பா சொல்கிறார். இருக்கலாம், எனக்கு நீ வெள்ளிக்கிழமைதான் விழுகிறாய். தொடர் முடிந்ததும் "எழுந்துட்டேம்மா" என்று ஒரு வார்த்தை அனுப்பு, அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

இப்படிக்கு,
உன் முதுகை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிகிற
அம்மா