நாலு பேணி ரவை

கூடப் பிறக்காமலே எனக்கு அக்காவாக இருந்துவிட்டுப் போன என் வசந்தியக்காவுக்கு,

நல்ல சேதியோடு தொடங்கத்தான் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்ததே அருவருப்பான ஒரு சங்கதியால்தான். உங்கள் லண்டன் மோர்டன் வீட்டுத் தோட்டத்தில் எலி வந்துவிட்டது. சும்மா சுண்டெலி இல்லை, பட்டப்பகலில் புல்லின் நடுவே உட்கார்ந்து முகம் கழுவுகிற சாதி. சுண்டெலிக்கே கதிரையில் ஏறி நிற்கிற நீங்கள் இதைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி வந்து கதவைத் தட்டி, இனியும் தன் பக்கம் எலி வந்தால் கவுன்சிலுக்கு எழுதிப்போடுவேன் என்று சொன்னாவாம். உங்கள் மனிசன் குலம் அத்தான் அதைப் பற்றி எங்களிடம் மூச்சு விடவில்லை. நீங்கள் போன பிறகு அவர் பேசுவது குறைவு, சாப்பிடுவது அதைவிடக் குறைவு. எலும்பும் தோலுமாகிவிட்டார் அக்கா. இந்த மனிசனும் உங்கள் பின்னாலேயே வந்துவிடுவாரோ என்பதுதான் இந்த வருடம் முழுக்க என்னுடைய பயம்.

அதனால்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை அவரே போன் எடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோசம்.

“பிள்ளை, ரவை வந்திட்டுது. சிவாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. எது நல்லதெண்டு பார்த்துச் சொல்லட்டும்.”

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது, மனிசன் உங்களுக்குப் பிடித்த ரவை லட்டுச் செய்யப் பார்க்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். என் மனிசன் சிவா பலசரக்குக் கடையில் நின்றவர்தானே, நல்ல ரவை அவருக்குத் தெரியும். நெய்ப் போத்தலும் கஜுவும் ஏலக்காயும் பையில் போட்டு, சிவாவையும் இழுத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டி ஓடினேன்.

சண்டைக்குள் வளர்ந்த எங்கள் சனத்துக்கு ரவை இரண்டு வகை. ஒன்று சட்டிக்குள் போவது, மற்றது சுடுகிற துவக்குக்குள் போவது. இத்தனை வருட லண்டன் வாழ்க்கையில் இரண்டாவதை நான் மறந்துபோனேன். அத்தான் மறக்கவில்லை.

நீங்கள் ரொட்டிக்கு மாக் குழைக்கிற அதே மேசையில், ஒரு பேப்பர்கூட விரிக்காமல், நாலு தகரப் பேணி நிறைய ஈயக் குண்டு. பக்கத்தில் ஒரு காற்றுத் துவக்கு. அதற்கு லைசென்ஸ் தேவையில்லையாம், சொந்தத் தோட்டத்துக்குள் சுடலாமாம், குண்டு வேலியைத் தாண்டக் கூடாதாம். சிவா உடனே போனைத் திறந்து வீடியோ பார்க்கத் தொடங்கிவிட்டார். பொயின்ட் ஒன் செவன் செவன் அளவுக் குண்டு சின்னது, வேகமாக நேரே போகும், ஆனால் எலியைத் துளைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் வந்துவிடும். பொயின்ட் டூ டூ பாரம், உள்ளேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு தலையைப் பற்றிய ஆராய்ச்சி. உருண்டைத் தலையா, தட்டைத் தலையா, நடுவில் குழி விழுந்த தலையா? கலியாணத்துக்குச் சேலை எடுக்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

“குழி வைச்சது உள்ளுக்கை போய்ப் பூ மாதிரி விரியுமாம்,” என்றார் சிவா, பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தபடி.

அத்தானின் தொடைக்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த செல்குண்டுத் துண்டு இன்னும் இருக்கிறது. குளிருக்கு அது குத்தும்போது நீங்கள்தானே எண்ணெய் பூசிவிடுவீர்கள். அந்த மனிசன் உட்கார்ந்து, உள்ளே நிற்பதா விரிவதா என்று யோசிக்கிறார். அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. சிவாவைப் பார்க்க அதைவிட அருவருப்பு. நெய்ப் போத்தலை அந்த மேசையில் வைக்க மனம் வராமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

கடைசியில் அத்தான் சின்னதைப் போட்டு, குசினி யன்னலைத் திறந்து சுட்டார். எலி சாகவில்லை. பின்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு, பிறந்த பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டு ஷெட்டுக்கு அடியில் போனது. அடுத்தமுறை பாரமானதைப் போடுவோம் என்றார் அத்தான். சிவா ஓம் போட்டார்.

நான் பொறுக்க மாட்டாமல் தோட்டத்துக்குள் இறங்கினேன். எலி நின்ற இடத்தில் உங்கள் சில்வர் கோப்பை இருந்தது அக்கா. அதில் சோறு, பருப்பு, பயித்தங்காய்ப் பால்கறி. சோற்றின் மேல் இரத்தம் தெறித்திருந்தது. அங்கேயே குனிந்து சத்தி எடுத்தேன்.

காகத்துக்கு வைத்த சோறு. உங்கள் பேரில் ஒவ்வொரு நாளும் சமைத்து வைத்திருக்கிறார். விரத நாளுக்கு வைப்போம், அமாவாசைக்கு வைப்போம். நாள் தவறாமல் வை என்று எந்த ஐயர் சொன்னார்? மோர்டன் காகத்துக்குத் தமிழ் தெரியுமா, “கா, கா” என்றதும் வர? காகம் வரவில்லை, எலி வந்தது. தானே பந்தி விரித்துவிட்டு, பந்திக்கு வந்ததை எதால் சுடலாம் என்று பேணி பேணியாக வாங்கி வைத்திருக்கிறார்.

“அத்தான், சோறு வைக்கிறதை நிப்பாட்டினால் எலி தானாப் போயிடும். ரவை என்னத்துக்கு?”

அவர் இறங்கி வந்து கோப்பையைக் குனிந்து எடுத்தார்.

“கடைசியில அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சியும் இறங்கேல்லையே பிள்ளை. இப்ப எப்பிடி நிப்பாட்டுறது?”

மூக்கில் குழாயோடு நீங்கள் கிடந்த கோலம் எனக்கும் தெரியும். அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

“எலி திண்டால் அக்கா திண்டதாகுமோ? என்னட்டைக் கொண்டு வாங்கோ. நான் சாப்பிடுறன்.”

அடுத்த நாள் மத்தியானம் டிபன் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். ஒளிப்பானேன், அவருடைய சமையல் சகிக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்திருக்கும், கறி உப்புக் கரிக்கும். இதைத் தின்ற எலிக்குத் துவக்கே தேவையில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன். துவக்கு உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது, அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. எலிகள் குறைந்துவிட்டன. பாட்டியும் பிறகு கதவைத் தட்டவில்லை.

ஒன்றை மட்டும் நேற்றுத்தான் விளங்கிக்கொண்டேன். முதல் கவளத்தை நான் விழுங்கியதும் அத்தான் பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். திறந்து, அவசர அவசரமாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். காகம் எடுத்த பிறகுதானே வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம்? ஒரு வருடமாக அந்த மனிசன், வராத காகத்துக்காகப் பசியோடு காத்திருந்திருக்கிறார்.

நீங்கள் யோசிக்காதேங்கோ. உப்போ கரியோ, அவர் கொண்டுவருகிற நாள் வரைக்கும் முதல் வாய் நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் காகமாகிப்போன தங்கச்சி,
மாலினி