காற்றைப் பூட்டிய தோல்

தாராவி, பம்பாய்
12-11-1944

அன்பு மகன் கோமதிநாயகத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், நீ அங்கே உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று கேட்டால்தான் அது முழுச் சௌக்கியம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ இருக்கும் ஊரின் பெயரை இந்தத் தடவையும் பட்டாளத்து ஆபீசில் மை பூசி அழித்துவிட்டார்கள், மணல் என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கிளாரினெட் மறுபடி உன் கைக்கு வந்துவிட்டது, பேண்டில் முன் வரிசையில் நிற்கிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று தோல் கம்பெனிக்குப் போகப் பிந்திவிட்டது. முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் ஏன் நேரம் ஆயிற்று என்று கேட்டார், கடிதத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு உரக்க வாசித்தார். நான் ஒன்றும் தெரியாதவன் போலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனால் ஒரு வரியையும் விடவில்லை.

முதல் பொட்டலம் அனுப்பியபோது எனக்கு இருந்த அகம்பாவத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். கிளாரினெட்டின் சாவிகளுக்கு அடியில் துளையை மூடுகிற தோல் வட்டங்கள், பேடு என்கிறீர்களே, அவை அந்தச் சூட்டில் வெடித்துவிட்டன, மாற்றுக் கிடைக்கவில்லை என்று நீ மாதிரிக்கு ஒன்றை வைத்து அனுப்பினாய். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷம் தோலில் ஊறிய கை. நல்ல தோலாகப் பொறுக்கி, நாலு நாள் எண்ணெய் ஊட்டி, வெண்ணெய் மாதிரி மெதுவாக்கி வெட்டி அனுப்பினேன். அந்த எண்ணெயே மணலைப் பிடித்துக்கொண்டு, அணிவகுப்பில் சாவி ஒட்டி, பாட்டு பாதியில் நின்று, பேண்டு மாஸ்டர் துரை உன்னைப் பின்னால் தள்ளிப் பெரிய டிரம்மைக் கொடுத்துவிட்டார் என்றும், சீக்கிரம் சரியாகாவிட்டால் கிளாரினெட் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் நீ எழுதியபோது, உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செருப்புத் தோலே பார்த்துப் பழகியவன் செய்கிற தப்பு அது. நீ முன்பு வாசித்த கல்யாண பேண்டு அப்துல் வாஹித்தான் கம்பெனி வாசலுக்கே தன் கிளாரினெட்டோடு வந்து, அண்ணாச்சி, இது கால்ல போடுத சாமான் இல்லல்லா, காத்தப் பூட்டணும், விரல எடுத்தா அப்பமே தொறக்கவும் செய்யணும் என்று சொன்னான். அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. எண்ணெய் படாமல் படிகாரமும் மாவும் போட்டுப் பதனிட்ட வெள்ளாட்டுக் குட்டித்தோலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரிகிற மாதிரி சீவினேன். உள்ளே வைக்க என் கம்பளித் தொப்பியை வெட்டினேன். வாஹித் தன் வாத்தியத்திலேயே ஒட்டி, சிகரெட் காகிதத்தை அடியில் வைத்து, சாவியை மூடி இழுத்து இழுத்துப் பார்த்தான். சுற்றிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டுமாம். மூன்றாம் தடவை செய்தவைதான் தேறின, அவற்றைத்தான் உனக்கு அனுப்பினேன்.

வருகிற மாதம் ஆஸ்பத்திரியில் அடிபட்ட சிப்பாய்களுக்கு முன்னால் நீ தனியாக வாசிக்க வேண்டும், என்ன வாசிக்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். எனக்கு எங்கே பாட்டுத் தெரியும். வாஹித்தைக் கேட்டேன், விரல் ஓடுகிற மாதிரி சினிமாப் பாட்டாக அடிக்கச் சொல்லு என்றான். உன் அம்மா, உனக்குப் பாடின தாலாட்டு என்றாள். மீசை வைத்த சிப்பாய்க்குத் தாலாட்டா என்று சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதே சரி. படுக்கையில் திரும்ப முடியாமல் கிடக்கிறவனுக்கு உன் விரல் வேகம் எதற்கு, அவனும் கூட முனக முடிந்தால் போதும். இன்னொன்றும் உண்டு. அந்தத் தாலாட்டு அடிக் குரலுக்கு இறங்கும். அடியில் வாசிக்க எல்லாத் துளையும் மூடியாக வேண்டும், ஒரு பேடு கசிந்தாலும் குரல் நடுங்கும் என்று வாஹித் சொன்னான். நடுங்காது, தைரியமாக இறங்கு.

வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைத்துவிடு, களைப்பாக இருக்கிறது என்று அப்படியே பெட்டியில் போட்டு மூடாதே. வெயிலில் வைத்தால் மரம் பிளக்கும். காற்று ரொம்பக் காய்ந்திருந்தால் பெட்டியில் ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு போடச் சொன்னான் வாஹித். பேடு பக்கம் மட்டும் எண்ணெயைக் காட்டாதே, அதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு, இல்லாவிட்டால் ஊத மூச்சு இருக்காது. பேண்டில் மற்றவர்களுக்கும் பேடு வேண்டும் என்று துரை கேட்டதாக எழுதியிருந்தாய், ஐம்பது வெட்டி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பார்சல் கிளம்பும், அளவு பார்த்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம், இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. நீ பட்டாளத்தில் சேர்ந்த அன்று பாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன், மனசு வலித்தது. இப்போது இந்தக் கடிதத்தில், பேடைப் பார்த்துவிட்டு இது யார் வேலை என்று துரை கேட்டார், என் அப்பா, தாராவியில் தோல் பதனிடுகிறவர் என்று பேண்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். முதலாளி அந்த வரியை வாசித்தபோதுதான் நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பாரத்தை இனித் திருத்த வேண்டாம், வாயால் சொன்னாயே, அது போதும்.

நோய்நொடி இல்லாமல், குண்டு படாமல், நல்ல பெயரோடு வீடு வந்து சேர எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. வாசித்த அன்றே அம்மாவுக்கு இரண்டு வரி எழுதிப் போடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யாத்துரை,
தோல் பதனிடுகிறவர், தாராவி.