உன் பெயரில் வந்த பதில்

இன்று காலை ஒன்பதாம் வகுப்புத் திரையில் உன் பெயர் தெரிந்தது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வினாடி வினாப் பக்கம் ஒன்று. நான் திரையில் கேள்வி போடுவேன். பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டில் தங்கள் பெயரை அடித்து உள்ளே வருவார்கள். வருகிற ஒவ்வொரு பெயரும் திரையில் துள்ளி விழும். ஹரிணி, முத்துப்பாண்டி, பாத்திமா. எல்லோருக்கும் மேலே, முதல் ஆளாக, நீ. "யாரு மிஸ் இது? நம்ம கிளாஸ்ல இந்தப் பேர்ல ஆளே இல்லையே" என்றாள் முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, வகுப்புக்கு முன்னால் என் கைபேசியிலிருந்து நானே மாணவியாக உள்ளே போவது வழக்கம். பெயர் கேட்டால் உன் பெயரைத்தான் அடிப்பேன். இன்று வெளியே வர மறந்துவிட்டேன். காரணம் தெரிந்தும் திரையை இன்னொரு முறை பார்த்தேன். அந்தப் பழைய பயம் என்னை விட்டபாடில்லை.

உனக்குத்தான் ஓசி என்றால் உயிராயிற்றே. ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறி உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவாய். "ஏப்பா, இதயம் எப்படித் துடிக்குதுன்னு அசைஞ்சு அசைஞ்சு காட்டுற படம் நெட்ல இருக்கு. காசே வேணாமாம்." "காசு வாங்காம எவன் குடுப்பான்? பின்னாடி ஏதாச்சும் வச்சிருப்பான்" என்பேன். "எங்கயோ ஒரு வாத்தியார் ராவெல்லாம் முழிச்சு செஞ்சு வச்சிருக்கான்ப்பா. நம்ம ஒழுங்கா யூஸ் பண்ணுனாப் போதும்." நீ அறிவியல், நான் கணக்கு. உன் நம்பிக்கையும் என் சந்தேகமும் சமயநல்லூர் தாண்டும்வரை சண்டை போடும்.

அப்படி நீ பிடித்து வந்ததுதான் அந்தக் கேள்விப் பலகை. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக ஒரு குழு தொடங்கலாம். அதில் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், பதில் எழுதலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கணக்கு தொடங்க வேண்டும். நம் பள்ளியில் இணையம் இருந்தது ஒரே கம்ப்யூட்டரில். ஒரு பக்கம் திறப்பதற்குள் பீரியடே முடிந்துவிடும். நீ பார்த்தாய். உன் கணக்கையே திறந்து, பாஸ்வேர்டைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டாய். "எல்லாரும் எம்பேர்லயே எழுதுங்க. கடைசியில மறக்காம உங்க பேரைப் போடுங்க."

யார் போட்டார்கள்? தவளைக்குக் காது உண்டா என்று நீ கேட்டிருப்பாய். உண்டு, நான் பார்த்தேன் என்று நீயே சொல்லியிருப்பாய். பொய் சொல்லாதே எருமை என்று உன்னையே நீ திட்டியிருப்பாய். எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். நீ அச்செடுத்து வகுப்பில் மாட்டியதைப் படித்துவிட்டு ஹெச்.எம். என்னைத் தனியே அழைத்து, "டீச்சருக்கு வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார். உன்னிடம் சொன்னபோது நீ பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

அரையாண்டு விடுமுறையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புது வருஷம் பிறக்குமுன் நீ போய்விட்டாய்.

பள்ளி திறந்த அன்று உன் கணவர் வந்தார். ஊரில் இல்லாத சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல உன் மெயிலைத் திறந்திருக்கிறார். பலகையில் எது எழுதினாலும் அதற்கு ஒரு நகல் வருமே, அப்படி வந்திருந்த ஒன்றை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். உன்னை எடுத்த மறுநாள், உன் பெயரில் எழுதியது:

"காய்ச்சல் விட்டுருச்சு. இப்ப நல்லா இருக்கேன். ஸ்கூல் தொறந்ததும் வாரேன்."

"அவ எழுதலைன்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "ஆனாலும் பாத்ததும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன். வாசக்கதவு வரைக்கும் போயிட்டேன். இன்னொரு தடவை இப்படி வந்தா நான் தாங்க மாட்டேன். நிறுத்திருங்க."

வகுப்பில் கேட்டேன். கடைசி வரிசையில் செல்வி எழுந்தாள். காய்ச்சலில் கிடந்து மெலிந்த உடம்பு. "நான்தான் டீச்சர். காய்ச்சல் விட்டுச்சான்னு டீச்சர் போர்டுல கேட்டிருந்தாங்களாம், அண்ணன் பாத்துட்டு வந்து சொன்னான். பஜாருக்குப் போயி நெட் சென்டர்ல பதில் அடிச்சேன். டீச்சர் எறந்தது எனக்குத் தெரியாது." கொஞ்சம் நின்று, "எம்பேரு போடலையா டீச்சர்?" என்று கேட்டாள்.

பழைய பதிவுகளைத் தேடினேன். இருந்தது. உடம்பு கொதிக்கக் கொதிக்க எந்தக் கடையில் உட்கார்ந்து அதை எழுதினாய்? "செல்வி, காய்ச்சல் விட்டுச்சாடா? எனக்கும் வந்துருச்சு." உன் கணவரிடம் போய்ச் சொன்னேன். "கேட்டதுக்குப் பதில் வந்துருச்சு. அவளுக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றார்.

நிறுத்துவது எளிதாக இல்லை. கணக்கை அழித்தால் நீ எழுதியது எல்லாம் அதோடு போய்விடும். பெயரை மாற்றினால் பழைய வரிகளிலும் உன் பெயர் மறைந்துவிடும். இனி உன் பெயர் பேசக் கூடாது. ஆனால் நீ பேசியது இருக்க வேண்டும். என் கவலை அதுதான். கடைசியில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். பிறகு நீ தப்பித்த வேலையை நான் செய்தேன். ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்காரவைத்து, நின்று நின்று திறக்கும் பக்கத்தைத் திட்டிக்கொண்டே, அவரவர் பெயரில் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். பரீட்சை வரும்வரை ஆயிற்று. அதன் பிறகு தவளையைப் பற்றிச் செல்வி கேட்டாள், பாண்டி பதில் சொன்னான். நீ அமைதியானாய். அந்த அமைதியை நான்தான் கொண்டுவந்தேன். அதையே என்னால் பொறுக்கவும் முடியவில்லை.

அவ்வப்போது பலகையைத் திறந்து உன் வரிகளைப் படிப்பேன். எது நீ எழுதியது, எது பிள்ளைகள் எழுதியது என்று பாதி இடங்களில் எனக்கே தெரியாது. சில வருஷம் கழித்து ஒரு நாள் திறந்தபோது பக்கமே இல்லை. அந்த இலவசத் தளத்தை மூடிவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று, உன்னைப் போலவே. பின்னாடி ஏதாச்சும் வச்சிருப்பான் என்று நான் சொன்னேனே, இதைத்தான் வைத்திருந்தான். அன்று உன்மேல் எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது. ஒரு வரியாவது தாளில் எழுதி வைத்தாயா நீ?

அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. வரைபடம் போட்டுக் காட்டுவது, வினாத்தாள் திருத்துவது, வீட்டிலிருந்தே பாடம் நடத்துவது. எது புதிதாக வந்தாலும் முதலில் உன் பெயரில் நுழைந்து பார்க்கிறேன். சந்தேகப்படுகிறவள் நான், ஆனால் உள்ளே போகிறவள் நீயாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இன்று வினாடி வினா முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் பதில் சொன்னால்தான் அடுத்த கேள்விக்குப் போகும்படி நான் அமைத்திருந்தேன். "மிஸ், ஒருத்தர் இன்னும் பதில் சொல்லல" என்றார்கள் பிள்ளைகள். வகுப்பு முழுக்கத் திரையைப் பார்த்துக் காத்திருந்தது. நான் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தேன். ஒரு காலத்தில் ஒரு வகுப்பே உன் பெயரில் பேசியது. இப்போது நான் மட்டும்தான் மிச்சம்.

உனக்காகப் பதிலைத் தொட்டேன். அடுத்த கேள்வி வந்தது.