பாக்கியம் அக்கா பேரம் பேச முடியாத ஊசி

என் பாசக்கார பாக்கியம் அக்காவுக்கு,

வந்துருச்சுக்கா, உன் புற்றுநோய்க்கு எழுதிக்கொடுத்த அதே ஊசியை இப்போது வேறு கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், விலை சடசடவென்று இறங்கிவிட்டது!

போனில் செய்தியைப் பார்த்ததும் வாட்ஸ்அப்பில் உனக்குத்தான் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது.

ஜெகதாப்பட்டினத்தில் நீ மீன் ஏலம் விடுகிற வீடியோக்களை எடுத்துப் போட்டவள் நான். ஊருக்கு நீ ஏலக்கார அக்கா, எனக்கு ஸ்டார். இப்போதும் துறைமுகத்தில் ஏலம் நடக்கிறது. நான்தான் போனை வெளியே எடுப்பதில்லை.

அன்று அந்த ஊசி மருந்துக் குப்பியைக் கடையில் வாங்கி, மறுநாள் நாமே திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குளிரிலேயே வைக்கச் சொன்னார்கள். குளிர் நமக்குத் தெரியாததா? தூர ஊருக்குப் போகிற மீனுக்குப் போடுவதுபோல உடைத்த ஐஸும் கல்லுப்பும் கொட்டி, நடுவில் குப்பியைப் புதைத்தாய்.

நர்ஸ் பெட்டியைத் திறந்ததும் தலையில் கைவைத்தார். "ஏம்மா, இது என்ன வஞ்சிரமா? ஒறஞ்சு போச்சு. இதப் போட முடியாதும்மா."

"ஐஸு பத்தாம கெட்ட சரக்கப் பாத்துருக்கேன். ஐஸு கூடிக் கெட்டத இப்பத்தாங்க பாக்குறேன்" என்று சிரித்தாய். பஸ் ஏறியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"ஏன்டி இம்புட்டு வெல? தங்கத்தக் கரைச்சா ஊத்திருக்கானுங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த குப்பிக்குப் பணம் புரட்டுவதற்குள் மாதங்கள் ஓடின. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. அந்த ஒன்று கெடாமல் இருந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? டாக்டரிடம் கேட்டேன். "அப்பிடியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார்.

இப்போது பதில் தெரியும் அக்கா. வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானே படித்தேன். மாத்திரைபோல ரசாயனத்தைக் கலந்து செய்கிற மருந்து இல்லை இது. உயிருள்ள செல்களைத் தொட்டியில் வளர்த்து, அவை சுரப்பதைப் பிரித்தெடுக்கிறார்கள். சூடு, குளிர் எது கூடினாலும் வீண். அதற்குச் செலவு உண்டுதான்.

ஆனால் அது பாதிக் கதைதான். கண்டுபிடித்த கம்பெனியிடம் காப்புரிமை இருக்கிறவரை வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது; கரைக்கு வருவது ஒரே ஒரு போட். வாங்க வந்தவளுக்கோ வேண்டாம் என்று திரும்பிப் போக வழியில்லை. அவர்கள் சொன்னதுதான் விலை. காப்புரிமை முடிந்தாலும் இதை அச்சு அசலாக நகல் எடுக்க முடியாதாம். அதேபோல வேலை செய்கிறது என்று சோதித்துக் காட்டவே வருடங்கள் ஆகுமாம். அந்த வருடங்களில்தான் நீ போய்விட்டாய்.

உனக்கு இதைச் சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய். இங்கே கேட்க ஆளில்லை அக்கா. கமெண்டில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள். ஒருத்தர்கூட என்னை 'அடியே' என்பதில்லை.

விலை இறங்கியும் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இதை இலவசமாகப் போடக் கேட்டு, வருகிற திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். யாரும் வராவிட்டாலும் அந்த வரிசையில் நிற்பேன். இது உனக்கு என் சத்தியம்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஊசி உண்டா? டாக்டரிடம், "இதுக்கு வேற கம்பெனி மருந்து இருக்குங்களா?" என்று கேளுங்கள். கமெண்டில் எழுதுங்கள், ஷேர் பண்ணுங்கள். முடிந்தால் திங்கட்கிழமை வாங்க. தனியாக நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கூடப் பிறக்காத,
உன் தங்கச்சி